துண்டுக்கு அடியில் ஒரு முழங்கால்

எங்கள் பக்கத்துச் சந்தையில் மாடு வாங்குகிறவர் வாய் திறந்து விலை சொல்வது மரபில்லை. தரகரும் அவரும் கையைக் கோத்துக்கொள்ள, மேலே ஒரு துண்டு விழும். அதன் அடியில் விரல்கள் பேசிக்கொள்ளும். இன்ன விரலைப் பிடித்தால் இன்ன தொகை என்பது அவர்களுக்குள் வழங்கும் கணக்கு. சுற்றி நிற்பவர்களுக்குக் கிடைப்பது இரண்டு முகங்கள் மட்டுமே. மதுரையில் இன்று பேருந்து நிலையத்தின் பெயராகச் சுருங்கிவிட்ட மாட்டுத்தாவணியில் உள்ள தாவணி என்ற சொல்லுக்கு மாட்டுச் சந்தை என்றுதான் பொருள். அங்கே பேருந்து மாறும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

விலைக்கு முன்னால் பார்வை. பல் பிடித்துப் பார்ப்பார்கள்: இரண்டு பல்லா, நான்கு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று. சுழி பார்ப்பார்கள் (சுழியில் எங்களுக்கு நம்பிக்கையில்லை; ஆனால் பார்க்காமல் வாங்கியதுமில்லை). கடைசியில் ஓட்டிப் பார்ப்பார்கள். இங்கேதான் சூட்சுமம். விற்க வந்தவர் மாட்டை மெத்தென்ற மண்ணில் நேராக நடத்திக் காட்டுவார். விவரம் தெரிந்த பெரியவர் அதைப் பார்க்கவே மாட்டார். கட்டாந்தரைக்குக் கொண்டுவரச் சொல்லி, அங்கே திருப்பச் சொல்வார். நேர்நடையில் மறைந்துகொள்ளும் நொண்டல் திருப்பத்தில் வெளிப்பட்டுவிடும். ‘காலைத் தாங்குது’ என்று அவர் முணுமுணுத்தால் துண்டுக்கு அடியில் இரண்டு விரல் குறைந்துபோகும்.

இவ்வளவும் சொல்லவேண்டி வந்ததற்குக் காரணம் காளையல்ல, ஒரு கபடி ஆட்டக்காரரின் முழங்கால். சரியாகச் சொன்னால் இரண்டு ஆட்டக்காரர்களின் முழங்கால்கள். ஒருவரை நாடே அறியும். மற்றவரை நரிக்குடி வட்டாரத்தில் நாலைந்து ஊர் அறியும்.

நாங்கள் என்று இங்கே குறிப்பது, நரிக்குடிக்குத் தெற்கே கண்மாய்க்கரையும் சீமைக்கருவேலமும் தவிர வேறு அடையாளமில்லாத ஒரு சிற்றூரின் கபடிக் குழுவைப் பல ஆண்டுகளாகக் கட்டி மேய்க்கும் ஐந்து பேரை. ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் கரிமூட்டம் போடுகிறவர், ஒருவர் மிளகாய் வியாபாரி, மற்ற இருவர் மானாவாரிக் காட்டையும் மழையையும் நம்பியவர்கள். சிற்றிதழ்களைத் தபாலில் வரவழைத்துக் கைமாற்றிப் படிக்கிற பழக்கமும் எங்களுக்குண்டு. கபடியும் சிற்றிதழும் எப்படி ஒரே திண்ணையில் உட்காரும் என்று கேட்பவர்களுக்கு, இரண்டுக்கும் சந்தா வசூலிப்பது ஒரே அளவு கடினம் என்பதே எங்கள் பதில்.

2022 ஆகஸ்டில் மும்பையில் நடந்த புரோ கபடி ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு பிரதீப் நர்வாலுக்கு உ.பி. யோத்தா கொடுத்த 1.65 கோடிதான் அதுவரை உச்சம். ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்குமாகச் செலவழிக்க அனுமதிக்கப்பட்ட தொகையே 4.4 கோடி. அதில் பாதிக்கு மேல் ஒரே ஆளுக்கு. ஒரு சம்சாரி தன் கையிருப்பில் பாதியைப் போட்டு ஒற்றை மாடு வாங்கினால் ஊர் என்ன பேசுமோ அதையே நாங்களும் பேசினோம்.

பவனைக் குறைசொல்ல இடமில்லை. பெங்களூரு புல்ஸுக்காக 2019 ஜனவரி இறுதியாட்டத்தில் தனியொருவராக 22 புள்ளி எடுத்துக் கோப்பையைத் தூக்கிக் கொடுத்தவர். அதே ஆண்டு அக்டோபரில் ஹரியானாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 39 புள்ளி. பிடிக்க வருபவர்களின் தலைக்குமேலே தாவிக் கோட்டைத் தொடுகிற அந்தப் பாய்ச்சலை தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, எங்கள் ஊர்ப் பொடியன்கள் வைக்கோல் படப்பின்மேல் ஏறிக் குதித்துப் பழகினார்கள். தலைவாஸோ 2017-இல் தொடங்கியது முதல் நான்கு பருவங்களிலும் பிளே-ஆஃப் வாசலைக்கூட எட்டாத அணி. அஜய் தாக்குர், ராகுல் சவுத்ரி, மஞ்சீத் சில்லர் என்று காகிதத்தில் ஜொலித்த 2019-ஆம் ஆண்டுப் பட்டியலோடு பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவதாக வந்தவர்கள். ஆகவே, இந்த முறையாவது என்ற ஆசை எங்களுக்கும் இருந்தது.

2022 அக்டோபர் 8, பெங்களூரு, குஜராத்துக்கு எதிரான முதல் ஆட்டம். பவன் பாடிப்போய் அடிபட்டிருந்தால் அதைத் தொழிலின் விலை என்று விட்டிருப்போம். எதிரணியின் ரைடரை மடக்கப் போன இடத்தில் முழங்கால் திரும்பிவிட்டது. தூக்கு படுக்கையில் கொண்டுபோனார்கள். அந்தப் பருவத்தில் அதற்குப்பின் அவர் ஆடவில்லை. 2.26 கோடிக்கு ஓர் ஆட்டம், அதுவும் முழுசாக இல்லை.

இதற்கு அடுத்து நடந்ததுதான் எங்கள் கணக்கையெல்லாம் குழப்பியது. புதிய இளம் ஆட்டக்காரர் என்ற வரிசையில் சொற்பத் தொகைக்கு எடுக்கப்பட்டிருந்த நரேந்தர் என்ற ஹரியானாப் பையன், பவன் விட்டுப்போன இடத்தில் ஏறி 243 ரைடு புள்ளிகள் எடுத்தான். பருவத்தின் நடுவில் பயிற்சியாளர் பொறுப்புக்கு அஷன் குமார் வந்தார். தலைவாஸ் முதன்முறையாக பிளே-ஆஃப் போனது, உ.பி. யோத்தாஸை 36-36 என்று சமனாகி டைபிரேக்கரில் வென்றது. அரையிறுதியில் புனேயிடம் இரண்டே புள்ளியில் தோற்றது. பவன் நலமாக இருந்திருந்தால் நரேந்தருக்கு அத்தனை ரைடு கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது என்பது மிளகாய் வியாபாரியின் கட்சி. அப்படியானால் அடிபட்டதுதான் அதிர்ஷ்டமா என்று ஆசிரியர் கேட்டார். அன்றிரவு டீக்கடை அடைக்கும்வரை அது தீரவில்லை.

அடுத்த ஆண்டு இன்னும் விசித்திரம். தலைவாஸ் பவனை விடுவிக்க, 2023 அக்டோபர் ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2.605 கோடிக்கு எடுத்தது. முழங்கால் பழுதான பிறகு விலை ஏறியிருக்கிறது! எங்கள் தரகர் பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, “அப்ப ஓட்டிப் பாத்திருப்பாங்கப்பா” என்றார் நிதானமாக. உண்மைதான். ஜூனில் ஆசியச் சாம்பியன்ஷிப்பிலும், ஏலத்துக்குச் சில நாட்களுக்கு முன் ஹாங்சூ ஆசிய விளையாட்டிலும் இந்திய அணிக்குத் தலைமையேற்று இரண்டு தங்கத்தோடு வந்தவர் அவர். கட்டாந்தரையில் திருப்பிக் காட்டியாகிவிட்டது. ஆனால் அந்தப் பருவத்தில் பவன் 200 ரைடு புள்ளிகளைத் தாண்டியும் டைட்டன்ஸ் கடைசி இடத்தில்தான் முடித்தது. வாங்கியவர்கள் முழங்காலைச் சரியாகத்தான் பார்த்தார்கள். கோட்டுக்கு இந்தப்பக்கம் நிற்கவேண்டிய மற்ற ஆறுபேரைப் பார்க்கப் பணம் மிச்சமில்லை. 2024-இல் மறுபடி காயம், மறுபடி சில ஆட்டங்கள் வெளியே.

இந்தக் கணக்கில் அமெரிக்கக் கூடைப்பந்துக்காரர்கள் நம்மைவிடத் தேர்ந்தவர்கள். அங்கே ஏலமில்லை, பண்டமாற்று. கவாய் லெனார்ட் என்ற ஆட்டக்காரர் தொடைக்காயத்தால் 2017-18 பருவம் முழுவதிலும் ஒன்பதே ஆட்டங்கள் ஆடியிருந்தார். போதாததற்கு ஒப்பந்தத்தில் மீதமிருந்ததும் ஏறக்குறைய ஓராண்டுதான். அவருக்காக டொராண்டோ ராப்டர்ஸ் 2018 ஜூலையில் கொடுத்தது, ஒன்பது பருவங்கள் அந்த ஊரையே தன் ஊராக எண்ணி ஆடிய டிமார் டிரோசனை. வாங்கிய பின்பு லெனார்டைக் கண்ணாடிப் பாத்திரம்போல வைத்துக்கொண்டார்கள். வழக்கமான பருவத்தின் 82 ஆட்டங்களில் அவர் ஆடியது 60. அடுத்தடுத்த நாள் ஆட்டம் வந்தால் ஒருநாள் ஓய்வு. 2019-இல் டொராண்டோ முதன்முறையாகக் கோப்பை வென்றது. அடுத்த மாதமே லெனார்ட் கிளிப்பர்ஸ் அணிக்குப் போய்விட்டார். அங்கே 2021-இல் முழங்கால் தசைநார் கிழிந்து அதற்கடுத்த பருவம் முழுக்க உட்கார்ந்திருந்தார். டொராண்டோவுக்கு லாபமா நட்டமா என்று அந்த ஊரில் எவரும் கேட்கமாட்டார்கள். கோப்பை இருக்கிறது. டிரோசனுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதைத்தான் நாங்கள் அதிகம் பேசினோம்.

அப்படிப் பேசக் காரணமிருந்தது. எங்களிடமே ஒரு பண்டமாற்று வந்து நின்றது.

பக்கத்து ஊர்க் குழுவில் ஒரு தம்பி. வயது இருபத்து மூன்று. கல்லூரி அணியில் ஆடியவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல்துறைக்கோ ரயில்வேக்கோ போய்விடலாம் என்ற கனவில் படிப்பை முடித்தவர். முடித்த ஆண்டே இடது முழங்கால் போயிற்று. நான்குமாதம் வீட்டிலிருந்தார், எண்ணெய் கட்டினார், பிறகு ஆடத் தொடங்கினார். ஆடினால் பார்க்கக் கண்கோடி வேண்டும். ஐந்தாறு ஆட்டத்துக்கு ஒருமுறை கால் ‘விட்டுவிடும்’, விழுவார், ஒருவாரம் தாங்கித் தாங்கி நடப்பார், மறுபடி வருவார். சரக்கு வண்டி ஓட்டிப் பிழைக்கிறார். அவரைப் பொங்கல் போட்டிகளுக்கு எங்களுக்குத் தருவதாகவும், பதிலுக்கு எங்கள் பிடிவரிசையில் நிற்கும் இரண்டு பையன்களைத் தரவேண்டும் என்றும் பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்லியனுப்பினார்கள். தம்பிக்கு வழிச்செலவும் கைச்செலவுமாக ஐந்தாயிரம் தனி.

கிராமப் போட்டியை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரவு ஒன்பதுக்குத் தொடங்கினால் மறுநாள் வெயில் ஏறும்வரை போகும். மெத்தை விரிப்பெல்லாம் கிடையாது. தண்ணீர் தெளித்து அடித்த மண்தரை. வெற்றிபெறும் குழு ஒரே இரவில் நாலைந்து ஆட்டம் ஆடவேண்டியிருக்கும். முதல் பரிசு ரொக்கமும் கோப்பையும், சில ஊர்களில் கிடாயும். அதாவது டொராண்டோக்காரர்கள் லெனார்டுக்கு எதைச் செய்யவில்லையோ அதையெல்லாம் ஓர் இரவுக்குள் செய்யவைக்கும் ஏற்பாடு.

முழங்காலைப் பற்றி நாங்கள் கொஞ்சம் படித்துக்கொண்டோம். தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கட்டிப்பிடித்திருக்கும் தசைநார்களில் நடுவே குறுக்காக ஓடுவது ஒன்று, ஏசிஎல் என்கிறார்கள். கீழ்க்கால் முன்னே நழுவிவிடாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்துவைப்பது அது. அது அறுந்தவரும் நேராக நடக்கலாம், பலர் ஓடவும் செய்யலாம், சுமைகூடத் தூக்கலாம். திரும்பும்போதும், தாவி ஒற்றைக்காலில் இறங்கும்போதும்தான் குட்டு வெளிப்படும். (தரகர் பெரியப்பா இதை ஐம்பது ஆண்டுகளாக மாட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.) அறுந்தது பெரும்பாலும் தானாக ஒட்டாது. அறுவை செய்து வேறோர் இடத்துத் தசைநாணை எடுத்துவைத்துக் கட்டினால், ஆட்டத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமோ அதற்கு மேலோ. கட்டாமலே ஆடினால் ஒவ்வொரு ‘விட்டுவிடுத’லிலும் உள்ளே இருக்கும் குருத்தெலும்புச் சவ்வும் கிழிந்துகொண்டே போகும். அது போனால் நாற்பது வயதில் படியேற முடியாது.

எங்களுக்குள் வாதம் மூன்று இரவு நடந்தது. மிளகாய் வியாபாரி கணக்குப் போட்டார்: தம்பி முழுசாக ஆடினால் வட்டாரத்தில் இரண்டு போட்டியாவது நமக்கு. விழுந்தால் போனது ஐந்தாயிரமும் இரண்டு பையன்களும். அந்த இரண்டு பையன்களும் பிடியில் நம்பிக்கையானவர்கள், ஆனால் பெயரில்லாதவர்கள். நாளை நரேந்தர் ஆகக்கூடியவர்களா என்பது யாருக்கும் தெரியாது. கரிமூட்டக்காரர் வேறொன்று சொன்னார்: “அவன நாம கூப்பிடலேன்னா வேற ஊரு கூப்பிடும். நம்மகிட்ட இருந்தா சாமிக்குப் பொதுவா ரெண்டு ஆட்டத்துல உக்கார வைப்போம். அடுத்தவன் வைப்பானா?” இந்த வாதத்துக்குப் பதில் சொல்வது எளிதாக இல்லை. இப்போதும் இல்லை.

ஆசிரியர் சி.சு. செல்லப்பாவின் வாடிவாசலை இழுத்தார். கதை முடிவில், பிடிபட்டுப்போன காரியைச் சுட்டுவிடுகிறவர் அதன் சொந்தக்காரரான ஜமீந்தார்தான். காளைக்காக நாம் கண்கலங்குவதெல்லாம் சரி, கதையில் காரியின் விருப்பம் என்னவென்று கேட்ட ஒருவரும் இல்லை என்றார். பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. நான்காம் நாள் தம்பியின் வீட்டுக்குப் போனோம்.

அவருடைய அம்மா காபி கொடுத்தார். மகனை உள்ளே போகச் சொல்லிவிட்டு எங்களிடம் கேட்டார்: “தம்பிகளா, பணம் குடுக்குறீக, கூட்டிட்டுப் போறீக, சரி. காலு போச்சுன்னா நாங்க யாருகிட்ட வந்து கேக்குறது?” புரோ கபடியில் ஒப்பந்தம் உண்டு, மருத்துவர் உண்டு, அணியின் பெயர்போட்ட சட்டையோடு மருத்துவமனைப் படுக்கையில் எடுத்த புகைப்படம் உண்டு. எங்களிடம் ரசீது புத்தகம் மட்டும் இருந்தது.

தம்பி உள்ளேயிருந்தே பதில் சொன்னார்: “யாருகிட்டயும் கேக்க வேணாம்மா. அண்ணே, நான் ஆடுறேன். ஆடாம இருந்தா யாரு என்னப் பாப்பா? பாத்தாத்தான செலக்சனுக்குக் கூப்புடுவாங்க.” அவர் சொன்னதிலும் தவறில்லை. ஒதுக்கீட்டு வேலை கேட்பவருக்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு மாவட்ட, மாநில அணி வேண்டும், அணிக்கு யாராவது பார்த்து வாய்ச்சொல் சொல்லவேண்டும். ஒன்பது மாதம் உட்கார்ந்தால் அந்த வரிசையில் பத்துப்பேர் முன்னே போய்விடுவார்கள். 2.26 கோடிக்காரர் உட்கார்ந்தால் நாடே நலம் விசாரிக்கும். இவர் உட்கார்ந்தால் உட்கார்ந்ததே தெரியாது.

நாங்கள் கடைசியில் சொன்னது இதுதான்: பையன்களை மாற்றிக்கொள்வதில்லை. அவர்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள், கைமாற்றுக்கு உரியவர்களல்லர்; அவர்களிடம் கேட்டபோது இருவருமே தலையைக் குனிந்துகொண்டார்கள், அதுவே போதுமானதாக இருந்தது. தம்பிக்குத் தருவதாக இருந்த ஐந்தாயிரத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து மதுரைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுப்போம். மருத்துவர் ஆடலாம் என்றால் எங்களோடு ஆடட்டும், பண்டமாற்று ஏதுமின்றி. கரிமூட்டக்காரர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் தன் பங்கை முதலில் எடுத்துவைத்தவர் அவர்தான்.

ஸ்கேனில் தசைநார் முழுவதும் அறுந்திருந்தது. சவ்வில் ஒரு கிழிசல் தொடங்கியிருந்தது. அறுவை செய்யாமல் ஆடக்கூடாது என்றார் மருத்துவர், தம்பியின் முகத்தைப் பார்த்து, இரண்டு முறை. திரும்பும் ரயிலில் நரிக்குடி வரும்வரை தம்பி படத்தை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இதற்கிடையில் 2025-ஆம் ஆண்டு ஏலமும் வந்துபோனது. தலைவாஸ் மறுபடியும் பவனை எடுத்தது, இம்முறை 59.5 லட்சத்துக்கு. 2023-இல் டைட்டன்ஸ் கொடுத்த விலையில் நான்கிலொரு பங்குகூட இல்லை. அதே ஏலத்தில் அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1.405 கோடி கொடுத்தார்கள். பார்த்தீர்களா, இப்போதுதான் சரியாகத் துண்டு போட்டிருக்கிறார்கள் என்று மிளகாய் வியாபாரி மகிழ்ந்தார். பாரத்தை ஒருவர்மேல் மட்டும் ஏற்றாமல், முழங்கால் தாங்கினால் லாபம், தாங்காவிட்டால் பெருநட்டமில்லை என்கிற விலை. எங்களில் ஒருவரும் மறுக்கவில்லை. செப்டம்பரில், ஒழுங்கு நடவடிக்கை என்று அறிவித்து அணி பவனை வீட்டுக்கு அனுப்பியது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். யார் பக்கம் நியாயம் என்பதை இத்தனை தொலைவிலிருந்து சொல்வதற்கில்லை. மூன்றாண்டுகளாக நாங்கள் அந்த முழங்காலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம், அது ஒன்றும் செய்யவில்லை.

பொங்கலுக்கு எங்கள் குழு இரண்டாம் சுற்றில் தோற்றது. பிடியில் அந்த இரு பையன்களும் நன்றாகவே ஆடினார்கள். ரைடு எடுக்க ஆளில்லை. தம்பி எங்களோடு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். மறுவாரம் வேறோர் ஊர்ப் போட்டி. இரவு பதினொரு மணிக்கு ஒலிபெருக்கியில் அவர் பெயர் கேட்டது. ஏழாயிரத்துக்குப் பேசியிருக்கிறார்கள், முழங்காலைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கிரேப் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு இறங்கினார். நாங்கள் ஐந்து பேரும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். விடியற்காலை இறுதியாட்டத்தில் மட்டும் பதினொரு புள்ளி. ஒருமுறைகூடக் கால் விடவில்லை. அவர் தாவும்போதெல்லாம் ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டார், கரிமூட்டக்காரர் விசிலடித்தார்.

அறுவைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. அடுத்த சித்திரைத் திருவிழா முடியட்டும் என்கிறார். அன்று காலை பேருந்துக்காகச் சாலையோரம் நின்றுகொண்டிருந்தபோது அவர் டிவிஎஸ் எக்ஸெல்லில் எங்களைக் கடந்து போனார். முன்னால் பரிசுக் கிடாய் படுத்திருந்தது. இடது காலை மடக்காமல் நேராக வெளியே நீட்டியிருந்தார். எங்களைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, “அண்ணே, ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க, கறி” என்றார்.